பொடியாக வாங்க வேண்டாம்

மளிகைக் கடையின் ஒரு பக்கத்தில் நாட்டு மருந்துச் சரக்கும் வைத்து விற்பது நம்மவர் வழக்கம். சுக்கு, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் பார்த்தாலே தெரியும். அவற்றில் நமக்குக் குழப்பமில்லை. வரப்பிலும் தரிசிலும் பறித்து வரும் களைச்செடிகளின் கதை வேறு. காய்ந்து மூட்டையாக வரும் கீழாநெல்லியை நம்மில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்து வாங்குகிறோம்?

மஞ்சள் காமாலை என்றதும் சனங்கள் கேட்பது இதைத்தான். 1988இல் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 'லான்செட்' இதழில் வந்ததும் இதற்குப் பெயர் கூடியது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயம். சரக்கு சரியானதா என்பது நம் பொறுப்பு. கீழாநெல்லிக்கு இலைகளுக்கு அடியில் காய்கள் வரிசையாகத் தொங்கும். அதே சாயலில் வேறு செடிகளும் உண்டு. நொறுங்கிவிட்டால் அடையாளம் தெரியாது. பொடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எனவே, கிலோவுக்கு நாலு ரூபாய் கூடினாலும், காயோடு முழுச்செடியாகக் கொடுங்கள் என்று மண்டியில் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

சரக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைப்பதற்கு என்று சீன மூலிகை கொடுத்தார்கள். 'ஃபாங்சி' என்ற பெயர் இரண்டு வேறு செடிகளுக்கு வழங்குவதால், ஒன்றுக்குப் பதில் மற்றது வந்து சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. அப்படி மாறி வந்த செடி நம் ஊர் ஆடுதின்னாப்பாளையின் இனம். பூச்சிக்கு, விஷக்கடிக்கு என்று இன்றும் அதைக் கேட்டு வருகிறார்கள். அந்தச் சரக்கை நாம் அடியோடு நிறுத்திவிடலாம் என்பதே நம் அபிப்பிராயம். அதை விற்று என்ன சம்பாதித்துவிடப் போகிறோம்?

இன்னொன்று. நாமே அரைத்துப் பொட்டலம் போட்டு 'சர்க்கரை நோய் தீரும்' என்று சீட்டு ஒட்டுவது சில கடைகளில் நடக்கிறது. மருந்து தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதிகாரி வந்து நின்றால் சங்கம் பரிந்து பேசவும் வழியில்லை.

குழந்தைக்குக் காமாலை என்று யாராவது வந்தால், பொட்டலம் மடிக்கும் முன் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.