151-ஐ கொஞ்சம் ஓரமா வைப்போம்

2014-ல் வந்த ‘வென் த கேம் ஸ்டாண்ட்ஸ் டால்’ படம் பார்த்தவங்களுக்கு டி லா சால் பள்ளியைத் தெரிஞ்சிருக்கும். பார்க்காதவங்களுக்காக: கலிபோர்னியாவில் கான்கார்ட் என்ற ஊரில் இருக்கும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி அது. அதன் ஃபுட்பால் அணி 1992 முதல் 2003 வரை தொடர்ந்து 151 ஆட்டங்கள் ஜெயித்தது. நடுவில் தோல்வி இல்லை, டிராகூட இல்லை. (நம்ம கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்லைங்க. முட்டை மாதிரி இருக்கும் பந்தை இடுக்கிக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால்.) இதற்கு முன் இருந்த சாதனை மிச்சிகனின் ஹட்சன் பள்ளியுடையது, 72 ஆட்டம். அதை 1997-லேயே தாண்டிட்டாங்க.

படம் பார்த்துட்டு வர்றவங்க எல்லாரும் 151, 151-னுதான் பேசுறாங்க. என் கட்சி வேற. அந்தப் பள்ளியின் கதையில் சுவாரசியம் கம்மியான விஷயமே அந்த நம்பர்தான். அது நல்லதையும் மறைக்குது, கெட்டதையும் மறைக்குது.

முதல்ல நல்லது. 1965-ல் தொடங்கிய பள்ளி. 1979-ல் பாப் லாடசூர் கோச்சாக வரும்வரை, தோல்வியைவிட வெற்றி அதிகமான ஒரு சீசன்கூட அந்த அணிக்குக் கிடையாது. வந்தவர் இருபதுகளில் இருந்த இளைஞர். அதே பள்ளியில் மதபோதனை வகுப்பும் எடுத்தார். அங்கே ஹைஸ்கூல் என்பது 9-லிருந்து 12 வரை, நாலே வருஷம். அப்போ 12 சீசன் தோற்காமல் இருந்தது ஒரே டீம் இல்லை. பசங்க மூணு முறை முழுசா மாறியிருக்காங்க. 1992-ல் ஆடின ஒரு பையன்கூட 1996-ல் இல்லை. நம்ம காலேஜ் கிளப்புகளை நினைச்சுப் பாருங்க. ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் தூக்கி நிறுத்துவார், அவர் போன அடுத்த செமஸ்டரே வாட்ஸ்அப் குரூப் மட்டும் மிஞ்சும். ஆள் மாறியும் தரம் மாறாம இருக்குறதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

எப்படிச் செஞ்சாங்க? அவங்க ஆடினது ‘வியர்’ என்கிற பழைய பாணி. இன்ஜினியரிங் பசங்களுக்குப் பிடிக்கும், கேளுங்க. சாதாரணமா எதிரணித் தடுப்பாளர் ஒவ்வொருத்தரையும் நம்ம ஆள் ஒருத்தர் மறிக்கணும். வியரில் ஒரு தடுப்பாளரை வேணும்னே சும்மா விட்டுடுவாங்க. பந்து வெச்சிருக்கும் குவார்ட்டர்பேக் அவரை மட்டும் பார்ப்பார். அவர் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தானே வெளியே கொண்டுபோவார். வெளியே நின்றால் பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுத்துடுவார். அவர் எதைச் செஞ்சாலும் தப்பு. அவரை மறிக்க வேண்டிய நம்ம ஆள் வேற இடத்துக்குப் போயிருப்பார், அங்கே ஒரு ஆள் கூடுதல். தங்களைவிட கனமான அணிகளை இவங்க அடிக்கடி தோற்கடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், முன்வரிசைப் பசங்க பந்து அசைந்த நொடியில் கிளம்பும் வேகம். அந்த வேகம் சீசன் இல்லாத மாதங்களில் ஜிம்மில் சேர்த்தது.

அப்புறம் அந்த அட்டைகள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பையனும் பயிற்சியிலும் ஆட்டத்திலும் என்ன செய்யப்போறேன்னு ஒரு அட்டையில் எழுதி, அணி முன்னாடி ஒரு தோழனிடம் சொல்லணும். செஞ்சானா இல்லையான்னு கேட்கிற பொறுப்பு அந்தத் தோழனுக்கு. கோச்சிடம் சாக்கு சொல்லிடலாம், பக்கத்தில் உட்கார்றவனிடம் சொல்ல முடியாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பேட்ச்சில் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இப்போ கெட்டது. இதைச் சொன்னா ரசிகர்களுக்குக் கோபம் வரும். அரசுப் பள்ளி தன் எல்லைக்குள் இருக்கும் பசங்களை வைத்துத்தான் ஆடணும். தனியார் பள்ளிக்கு அந்த எல்லை இல்லை. ஆள் பிடிக்கிறாங்கன்னு பல வருஷமா புகார், இல்லைன்னு பள்ளி மறுப்பு. யாரும் ஆள் பிடிக்கலைன்னே வைச்சுக்குவோம். ஜெயிக்கிற அணியைத் தேடித் திறமையான பசங்க தானா வருவாங்க இல்லையா? 1991-க்கு அப்புறம் 2021 வரை வட கலிபோர்னியா அணி ஒண்ணுகூட இவங்களைத் தோற்கடிக்கலை. முப்பது வருஷம்! அதைப் போட்டின்னு சொல்ல எனக்கு மனசு வரலை. இவங்களே அதை உணர்ந்துதான் வெளியே பலமான அணிகளைத் தேடிப் போனாங்க. 1998-ல் மேட்டர் டேய், 2001-ல் லாங் பீச் பாலி. நாட்டின் முதலிடமும் இரண்டாமிடமும் மோதிய அந்த பாலி ஆட்டத்தில் 29-15 என ஜெயித்தார்கள். பின்னாளில் என்.எஃப்.எல். நட்சத்திரமான மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ மட்டும் நாலு டச்டவுன். நான் மதிக்கிறது இந்த மாதிரி ஆட்டங்களை. உள்ளூர் அணிகளை நசுக்கிய மத்தவையும் 151-ல் அதே ஒண்ணாத்தான் எண்ணப்படுது.

ஆனா இதே எல்லையில்லாத கதவு வழியாத்தான் டெரன்ஸ் கெல்லியும் வந்தார். ரிச்மண்ட் என்கிற, வன்முறை அதிகமான ஊர்ப் பையன். 2003 அணியின் முக்கிய வீரர். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஆட இடம் கிடைத்து, கிளம்ப சில நாளே இருந்தபோது, 2004 ஆகஸ்ட் 12 அன்று சொந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயசு 18. அந்தப் பள்ளி அவருக்கு என்ன கொடுத்ததுன்னு நினைச்சா, என் நியாய வாதத்தை அவ்வளவு சுலபமா முடிக்க முடியலை.

அவர் இறந்து மூணு வாரத்தில், செப்டம்பர் 4-ம் தேதி, சியாட்டிலில் பெல்வியூ அணியிடம் 39-20. தொடர் முடிந்தது. அதற்கு முந்தைய டிசம்பர் கடைசியில்தான் கோச்சுக்கு மாரடைப்பு வந்திருந்தது. களத்தில் இருந்த பசங்களில் பலர் இந்தத் தொடர் ஆரம்பிச்சப்போ நாலைஞ்சு வயசுக் குழந்தைங்க. மத்தவங்க சேர்த்துவெச்ச நம்பரைச் சுமந்துக்கிட்டு, நண்பனைப் புதைத்த துக்கத்தோட ஆடி, ‘தோற்ற பேட்ச்’ என்ற பேரையும் வாங்கினாங்க.

படம் இங்கேதான் எனக்குக் கடுப்பேத்துது. 2001-ல் ஆடி முடிஞ்ச லாங் பீச் பாலி வெற்றியைத் தூக்கி, பெல்வியூ தோல்விக்கு அப்புறம் வெச்சுட்டாங்க. விழுந்தாங்க, எழுந்தாங்க, கைதட்டுங்க! நிஜத்தில் அந்த சீசனில் மேலும் சில ஆட்டங்கள் தோற்றார்கள். ஆனாலும் அட்டை எழுதுறது நிற்கலை, பயிற்சி நிற்கலை. கொஞ்ச வருஷத்தில் மறுபடி மாநில அளவில் ஜெயிக்கவும் ஆரம்பிச்சாங்க. இதைப் படமா எடுத்தா டிக்கெட் விற்காதுன்னு நினைச்சிருப்பாங்க போல.

லாடசூர் 34 சீசன் கழிச்சு, 2013 ஜனவரியில் தலைமைப் பொறுப்பை விட்டார். கணக்கு: 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் இருந்து ஜெயிச்சிருந்தா 400. அதுக்காக அவர் காத்திருக்கலை. பொறுப்பு அவரிடமே ஆடிப் பயின்ற ஜஸ்டின் ஆலம்பா கைக்குப் போச்சு.