ஆடிட் முடிந்தால் கேள்வி முடியாது

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து ஊர் ஒன்றில் வடிகால் வேலைக்கான பில்லையும் அளவுப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்ட ஓர் இளைஞனைப் பற்றிப் பேச்சு வந்தது. எதிர் இலையில் இருந்தவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஊர் மதிக்கும் பெரியவர். “அவனுக்கெதுக்குங்க இந்த வேலை? வருசா வருசம் ஆடிட் நடக்குதில்லீங்க? கணக்குக் கேக்கறவன் எல்லாம் எதையோ எதிர்பார்த்துத்தானுங்க கேக்கறான்” என்றார். பந்தியே தலையாட்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்குக் கேட்பவன் வம்புக்காரன், ஊர்ப்பணத்தைப் பார்த்துக்கொள்ள ஆடிட்டர் இருக்கிறார் என்ற இந்த எண்ணம் சேந்தமங்கலத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. நாமும் என்றைக்காவது இதற்குத் தலையாட்டியவர்கள்தான். தவறான எண்ணம் என்று மட்டும் சொல்லி இதை விட்டுவிட முடியாது. திருடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய காவல் கிடையாது.

குடவோலைத் தேர்தல் என்றால் மார்தட்டாத தமிழர் உண்டா? புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர்கூட உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஓலை எழுதிக் குடத்தில் போட்டதைப் பாடப் புத்தகம் சொல்கிறது. அதே கல்லில் இருக்கும் இன்னொரு விதியை மேடையில் யாரும் வாசிப்பதில்லை. வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி குடத்தில் விழக்கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் வரைக்கும் தடை. கணக்கு எழுதியவரும் தம் கணக்கைத் தாமே ஒப்படைத்து, சுத்தமானவர் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வர முடியும்.

அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அத்தனை குறுகிய சபைக்கே கணக்குக் காட்டாதவனைப் பொறுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆளுக்கொரு ஓட்டு வைத்திருக்கும் நாம் கேட்கிறவனை வம்புக்காரன் என்கிறோம்.

சரி, ஆடிட்டுக்கு வருவோம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது, தணிக்கை செய்கிறது. அவர்கள் பார்ப்பது காகிதத்தை. டெண்டர் முறைப்படி விட்டார்களா, தீர்மானம் இருக்கிறதா, வவுச்சரில் கையெழுத்து உண்டா, அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளமும் பில்லில் உள்ள நீளமும் ஒன்றா என்று பார்ப்பார்கள். இவை எல்லாம் ஒத்துப் போனால் கணக்கு சரி. ஆனால் எழுதப்பட்ட வடிகால் அந்தத் தெருவில் உண்மையிலேயே அவ்வளவு தூரம் போகிறதா என்பது அந்தத் தெருவில் குடியிருக்கும் அம்மாவுக்குத்தான் தெரியும். மழை வந்தால் சாக்கடை அவர் வாசலுக்குத்தானே வருகிறது! அந்த அம்மாவிடம் பில்லைக் காட்டாமல் முடிகிற ஆடிட், பாதி ஆடிட்தான்.

மீதிப் பாதியை ராஜஸ்தானில் ஏழை விவசாயிகள் செய்து காட்டினார்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கூடிக் கட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து பில்களையும் கூலிப் பட்டியலையும் ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த சனமே எது நடந்த வேலை, எது நடக்காத வேலை என்று சொன்னது. “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்ற அவர்களுடைய முழக்கம்தான் வளர்ந்து 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் ஆனது. இவர்கள் எதை எதிர்பார்த்துக் கேட்டார்கள், பெரியவரே? கூலி ஒழுங்காக வர வேண்டும் என்றுதான். எதையோ எதிர்பார்த்துக் கேட்கிறான் என்று கூசாமல் சொல்கிறோம். கிர் காட்டுப் பகுதியில் நடந்த கள்ளச் சுரங்கங்களைப் பற்றித் தகவல் கேட்ட அமித் ஜேத்வாவை 2010-இல் அகமதாபாத்தில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் எதிர்பார்த்தது அதையா?

நம் பக்கத்து அநியாயம் வேறு மாதிரி. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து காரவள்ளி போய், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று மேலே இருப்பவை கிராம ஊராட்சிகள். அங்கே கிராம சபை உண்டு. வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் சபை முன் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்கு ஆறு நாள் ஒரு மிளகுக் கொடிக்காரர் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். அடிவாரத்தில் இருக்கும் நாம் பேரூராட்சி. நமக்குக் கிராம சபை கிடையாது. பேரூர் என்று பெயர் உயர்ந்தது, கேட்கும் மேடை போயிற்று. நகரங்களுக்குப் பகுதி சபை என்று 2022 நவம்பர் 1 அன்று தொடங்கினார்கள், பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். உங்கள் தெருவில் அப்படி ஒன்று கடைசியாக எப்போது கூடியது?

கேட்க ஆளே இல்லாமல் செய்த கதையும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர் கையெழுத்தில் எல்லாப் பணமும் போயிற்று. அப்போது எந்தப் பந்தியிலாவது யாராவது கோபப்பட்டார்களா? தேர்தல் முடிந்த கையோடு, 2022 ஏப்ரலில் சொத்து வரியை ஏற்றினார்கள். வரி ஏறியதற்கு ஊரே முணுமுணுத்தது. அந்த வரி எங்கே போகிறது என்று கேட்டவனைத்தான் வம்புக்காரன் என்றது. பெரும்பாலான மாவட்டங்களில் கிராம ஊராட்சிகளுக்கும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை. நம் காலத்தில் தேர்தலையே தள்ளிப்போட்டு, கணக்குக் கேட்கும் உறுப்பினர்களையே இல்லாமல் ஆக்கினார்கள்.

சட்டத்தையும் கொறித்துக்கொண்டே வருகிறார்கள். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரி தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் இருந்தது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு அதை நீக்கினார்கள். ஒப்பந்தக்காரர் பெயரைக் கேட்டாலும் அது தனிநபர் தகவல் என்று ஓர் அலுவலர் இனிமேல் சொல்லப் பார்ப்பார்.

பார்ப்பதோடு நின்றாலும் போதாது, ஆட்சேபிக்கவும் வேண்டும். இங்கிலாந்தில் உள்ளூர் வாக்காளர் எவரும் கணக்கைப் பார்த்துவிட்டு ஆடிட்டரிடம் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஓட்டுக் கணக்குப் போட்டு மாநகராட்சி வீடுகளை விற்றதை வாக்காளர்கள் சிலர் 1989-இல் அப்படித்தான் ஆட்சேபித்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2001 டிசம்பரில் மாநகராட்சியின் முன்னாள் தலைவி ஷெர்லி போர்ட்டர் தோற்றார். 2004-இல் அவர் கட்டிய தொகை 1.23 கோடி பவுண்டு. நம் தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபங்களான தணிக்கைத் தடைகள் அலுவலகக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டு, பதில் வந்து, அங்கேயே உறங்கிவிடுகின்றன. அவற்றை வார்டு வார்டாகத் தெருவில் வாசிக்க வேண்டும். ஊரார் சொல்லும் மறுப்பைத் தணிக்கையாளர் பதிவு செய்து பதில் தர வேண்டும். அப்படி ஒரு விதி வரும் வரைக்கும் நான் இதை விடப்போவதில்லை.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கக் கூடாது, ஆறாம் பிரிவு அதைத் தடுக்கிறது. நகல் மட்டும் கேட்காதீர்கள். இரண்டாம் பிரிவின்படி நேரில் பார்வையிட வேண்டும் என்று எழுதுங்கள். பார்வைக்கு முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. வேலை ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகம், இறுதி பில், தணிக்கைத் தடையும் அதற்குத் தந்த பதிலும் வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். போட்ட சிமெண்டில் மாதிரி எடுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் தகவல் ஆணையம். போகும்போது தெருவில் இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள், ஒருவர் கையில் அளவு நாடா இருக்கட்டும்.