சம்பளச் சீட்டு ஒன்று போதாது

பிரிந்த பெற்றோர் பிள்ளைக்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்குப் பிரிட்டனில் வாய்பாடே உண்டு. நடுத்தர வரும்படிக்காரர் மொத்த வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 12 விழுக்காடும் இரு பிள்ளைகளுக்கு 16 விழுக்காடும் கட்டுகிறார். மலேசியாவில் நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, தாயோ தகப்பனோ தம் வசதிக்கும் வாழ்நிலைக்கும் ஏற்பப் பிள்ளையின் உணவு, உடை, உறைவிடம், கல்வியைக் கவனிக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. தொகையை முடிவு செய்பவர் நீதிபதி. அதற்கான கணக்கைக் கொடுப்பவர்கள் வழக்கை நடத்தும் நாம்.

நெகிரி செம்பிலான் தோட்ட வழக்குகளுக்குத் தகப்பனின் கடைசிச் சம்பளச் சீட்டு மட்டும் போதாது. பகாவ் பக்கம் பால்மரம் வெட்டுபவருக்கு இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சில் பால் குறையும். விடாமழை என்றால் வெட்டே இல்லை. செம்பனைக் குலை வெட்டுபவருக்கோ ஆண்டின் பிற்பாதியில்தான் கை நிறையும். 12 மாதச் சீட்டுகளைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஊழியர் சேமநிதி அறிக்கையில் உள்ள சந்தாவைக் கொண்டு சம்பளத்தைக் கண்டுபிடிக்கலாம். குத்தகையாளரிடம் ரொக்கமாகக் கூலி வாங்குபவருக்கு அதுவும் உதவாது. அங்கே 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தையாவது அடிப்படையாக வைத்து வாதாடுங்கள்.

சீட்டில் ஏறாத வரும்படியும் இருக்கிறது. தோட்ட வீடு வேலை செய்பவருக்கு உரியது. பிரிந்தபின் அவர் வாடகையில்லாமல் அங்கேயே இருப்பார். தாய் பிள்ளைகளோடு சிரம்பானில் அறை தேடுவார். இருவர் சம்பளமும் தாளில் ஒன்றாக இருக்கலாம். வாடகை, பள்ளி வேன், பிள்ளை பார்ப்பவருக்குக் கொடுப்பது எல்லாம் போனால் தாயின் கையில் என்ன மிஞ்சும்? அந்தச் செலவுப் பட்டியலை இணைக்காத மனு பாதி மனுதான்.

தொகையை வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடியவில்லை. சம்பளத்திலேயே பிடித்துக் கட்டும்படி முதலாளிக்கு உத்தரவிட 1968ஆம் ஆண்டு ஜீவனாம்ச அமலாக்கச் சட்டம் வழி செய்கிறது. சேமநிதியும் சொக்சோவும் பிடிக்கிற தோட்டக் கிராணிக்கு இது புதிய வேலையல்ல. 800 ரிங்கிட்டுக்குத் தீர்ப்பு வாங்கிவிட்டு இதைக் கேட்காமல் விடுவதைவிட, பிடித்தத்தில் வரும் 400 மேல் என்பது என் கட்சி. (ஆள் தோட்டம் மாறினால் மறுபடி நீதிமன்றம்தான், அந்த அலுப்பு தெரிந்ததே.)

கடைசியாக, வயது. 18-ஐத் தாண்டினால் மேற்படிப்புக்குக்கூட ஜீவனாம்சம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2004இல் சொன்னது. 2018 டிசம்பர் 15 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, படிப்போ பயிற்சியோ முடியும்வரை உத்தரவு நீளும். பழைய வார்ப்பில் இன்னும் “18 வயது வரை” என்றே எழுதுகிறவர்கள் அந்த வரியை மாற்றிவிடுங்கள். போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் சேரும் பிள்ளைக்காகத் தாய் மறுபடி மனுப் போட வேண்டியிராது.