ஓர் ஆண்டின் ஏடு: 1638

அரசர் வரலாறு ஒரு பாடம், ஐரோப்பிய வரலாறு வேறொரு பாடம் என்று பிரித்துப் படித்தே நாம் பழகிவிட்டோம். ஆயின், காலம் எல்லா நாடுகளிலும் ஒருங்கே ஓடுவது. ஓர் ஆண்டை மட்டும் கையிலெடுத்து, அவ்வாண்டில் உலகின் பல மூலைகளில் நிகழ்ந்தவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், தனித்தனியே தோன்றியவை ஒன்றையொன்று தொட்டு நிற்பதைக் காணலாம். இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டது 1638. நாம் நின்று பார்க்கும் இடம் கண்டி.

பேராதனைப் பூந்தோட்டத்தை வளைந்து ஓடும் மகாவலி கங்கைக்கு அப்பால் கன்னொறுவை என்னும் ஊர் உள்ளது. இன்று விவசாய ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற அவ்வூர், 1638ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆந் திகதி ஒரு பெரும் போர்க்களமாயிருந்தது. அப்பொழுது கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். தந்தை செனரத்துக்குப் பின் 1635இல் அரசுகட்டில் ஏறியவன். கரையோர நாடு போர்த்துக்கேயர் வசமிருந்தது. யாழ்ப்பாண அரசும் 1619இல் அவர்கள் கைக்குப் போய்விட்டது. எஞ்சி நின்றது மலைநாடு ஒன்றே.

போருக்குத் தோற்றுவாயாக ஒரு கதை கூறுவர். அரசன் ஒரு போர்த்துக்கேய வணிகனுக்கு யானையொன்றைப் பரிசளித்தானாம். அதனைத் தளபதி தியோகு தெ மெலோ பறித்துக்கொண்டானாம். அரசனோ தளபதிக்குரிய குதிரைகளைப் பிடித்து வைத்துக்கொண்டானாம். யானையும் குதிரையும் சாட்டு; கறுவாவும் துறைமுகங்களுமே உண்மைக் காரணம் என்பதை நேயர்கள் எளிதில் உணர்வர்.

தளபதி படையோடு மலையேறிச் செங்கடகல நகருட் புகுந்தபோது அது வெறுமையாய்க் கிடந்தது. மக்களையும் பொருளையும் அகற்றிவிட்டு அரசன் விலகியிருந்தான். வெற்று நகருக்குத் தீயிட்டுவிட்டுப் படை திரும்பியது. திரும்பும் வழியிலேதான் வினை காத்திருந்தது. காட்டுப் பாதைகள் அடைபட்டன. மலைச்சரிவுகளிலிருந்து அம்பும் குண்டும் பாய்ந்தன. போர்த்துக்கேயருடன் வந்த உள்நாட்டுப் படைவீரர் பலர் அவர்களைக் கைவிட்டனர். கன்னொறுவையில் அப்படை முற்றாக வளைக்கப்பட்டது. தளபதியும் அங்கேயே மாண்டான். உயிரோடு சிறைப்பட்டோர் மிகச் சிலரே. கிறித்தவர்களுக்கு அது குருத்தோலை ஞாயிறு. கோட்டை கொத்தளத்தை நம்பாது மலையையும் காட்டையும் அரணாகக் கொண்ட போர் முறைக்குக் கிடைத்த வெற்றி இது.

ஆனால் மலையில் வென்றவனுக்குக் கடலில் ஒரு தோணியும் இல்லை. கடற்படையின்றிக் கரையோரக் கோட்டைகளை வீழ்த்த இயலாது என்பதை இராசசிங்கன் முன்னரே அறிந்திருந்தான். 1636இலேயே, தமிழ்நாட்டுக் கரையில் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்கு ஓர் அந்தணத் தூதுவர் வாயிலாகத் திருமுகம் அனுப்பினான். அதன் பயனாக, 1638 சனவரியில் கோவாவுக்கு அப்பாற் கடலிற் போர்த்துக்கேயருடன் பொருத ஒல்லாந்தத் தளபதி வெஸ்தர்வோல்து, மே மாதத்தில் மட்டக்களப்புக்கு வந்து கோட்டையைக் கைப்பற்றினான். மே 23ஆந் திகதி அரசனுக்கும் அவனுக்குமிடையே உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்ச் செலவுக்கு ஈடாகக் கறுவாவும் பிற விளைபொருள்களும் தருவதாக அரசன் ஒப்பினான். வணிக உரிமையும் ஒல்லாந்தருக்கே சென்றது.

கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது அரசன் விருப்பத்தைப் பொறுத்தது என்று பொருள்படும் வாசகம் மூன்றாம் உறுப்புரையில் இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியிலோ அவ்வாசகம் இல்லை! சில சொற்களின் குறைவு ஒரு நாட்டின் தலைவிதியானது. 1640இல் காலி வீழ்ந்தது. ஒல்லாந்தர் அதனை விட்டகலவில்லை. 1656இல் கொழும்பு வீழ்ந்தது. அதுவும் அரசன் கைக்கு வரவில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயிற்று; அங்கு வாழ்ந்த தமிழரை எவரும் ஒரு சொல் கேட்டிலர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போல் என்னும் சிங்களப் பழமொழியை இந்நிகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டுவது வழக்கம்.

இனி, அவ்வாண்டிற் பிற நாடுகளைப் பார்ப்போம். யப்பானில் சிமபாரா என்னுமிடத்தில் வரிக்கொடுமையும் சமயக் கொடுமையும் தாங்காது கிளர்ந்தெழுந்த குடியானவர், ஏப்பிரல் மாதத்தில் முற்றாக ஒடுக்கப்பட்டனர். அவர்கள் அடைக்கலம் புகுந்த கோட்டையின்மீது அரசுக்காகப் பீரங்கி முழக்கியது ஓர் ஒல்லாந்தக் கப்பல்! மறு ஆண்டு போர்த்துக்கேயர் யப்பானிலிருந்து விலக்கப்பட, ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டுமே அங்கு வணிகம் செய்ய எஞ்சினர். மட்டக்களப்பிலும் யப்பானிலும் ஒரே ஆண்டில் ஒரே கையின் வேலையைக் காண்கிறோம் அல்லவா?

ஒல்லாந்து செய்த நற்பணியும் ஒன்றுண்டு. இத்தாலியில் வீட்டுக்காவலில் இருந்த முதியவர் கலிலியோ, பொருள்களின் இயக்கத்தைப் பற்றி எழுதிய நூலை வெளியிடத் தம் நாட்டில் வழியின்றித் தவித்தார். அந்நூல் 1638இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரிலே அச்சேறியது. நூல் கைக்கு வந்தபோது அவர் கண்ணொளி இழந்திருந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 5இல் பிரான்சில் பதினான்காம் லூயி பிறந்தான். கந்தகார் சாசகான் கைக்கு வந்தது. ஆக்கிராவில் தாசுமகால் எழும்பிக்கொண்டிருந்தது. ஆண்டு முடிவில் துருக்கிச் சுல்தான் நான்காம் முராத்து பக்தாத்தை மீட்டான். மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி செலுத்தினார். சென்னை நகரோ இன்னும் தோன்றவில்லை; ஆங்கிலேயர் அந்நிலத்தைப் பெற்றது மறு ஆண்டில்.

மாணவ நேயர்களே! தேர்வுத்தாளில் 1638க்கு நேரே கன்னொறுவைப் போர் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆயினும், மார்ச்சில் வாளால் பெற்றதை மே மாதத்தில் ஒரு தாள் எவ்வாறு கரைத்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பிறர் மொழியில் எழுதப்பட்ட பத்திரத்தில் ஒப்பமிடுமுன், இரு பிரதிகளையும் வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பது அரசருக்கு மட்டும் உரிய கடமையன்று. காணி உறுதியில் கையெழுத்திடும் நமக்கும் உரியதே.

அடுத்த ஞாயிறு இன்னோர் ஆண்டின் ஏட்டைப் புரட்டுவோம்.