பூஜ்யத்தில் நின்ற பட்டை

கம்ப்யூட்டரில் எதையாவது டவுன்லோட் செய்யும்போது இடமிருந்து வலமாக ஊருமே ஒரு பச்சைப் பட்டை, அதை நம்பித்தான் ஆபீஸில் பாதிப் பேர் காபி சாப்பிடக் கிளம்புகிறார்கள். பட்டை பாதியில் நின்றால் இன்னொரு காபி. பூஜ்யத்திலேயே நின்றால்? அங்கேதான் வம்பு.

என் சித்தி பையன் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தான். தினம் காலையில் விலைப்பட்டியலை நெட்டிலிருந்து இறக்கவேண்டும். அது ஒழுங்காகவே இறங்கியது. ஆனால் பட்டை மட்டும் 0-விலேயே நிற்கும். கடைசி நொடியில் ஒரே தாவாக 100. கடை குமாஸ்தா எவ்வளவு நேரம்தான் பூஜ்யத்தை முறைத்துக்கொண்டிருப்பார்? நடுவில் மூடிவிட்டு, பழைய விலையிலேயே பில் போட்டிருக்கிறார். நஷ்டம். "தம்பி, முதல்ல அது நகரட்டும், அப்புறம் உன் பணத்தைப் பேசலாம்" என்றுவிட்டார் முதலாளி.

நான் வெறும் பி.காம். ஆனாலும் என்னிடம் வந்து, "கால்பேக் சரியாத்தான் வருதுண்ணா" என்று புலம்பினான். கால்பேக் என்பது வேறொன்றுமில்லை. 'இத்தனை பைட் வந்தாச்சு, மொத்தம் இத்தனை' என்று டவுன்லோட் பகுதி நம் ப்ரோக்ராமை அவ்வப்போது கூப்பிட்டுச் சொல்வது. 'திண்டிவனம் தாண்டியாச்சு ஸார்' என்று லாரி டிரைவர் போன் பண்ணுகிற மாதிரி.

"சதவீதம் போடற வரியைக் காட்டுடா."

வந்ததை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கியிருந்தான். பள்ளிக்கூடக் கணக்குப்படி முழு மார்க். ஆனால் சி, ஜாவா, சி ஷார்ப் மூன்றிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் காலி. பைசாவே எழுதாத கணக்குப்பிள்ளை! 99-ஐ 100-ஆல் வகுத்தால் பூஜ்யம். அதை நூறால் பெருக்கினால் என்ன, லட்சத்தால் பெருக்கினால் என்ன?

"முதல்ல பெருக்கு, அப்புறம் வகு" என்றேன். நகர்ந்தது. பையன் என்னைத் தூக்காத குறை.

மறுநாள் படங்களோடு ஒரு கேட்டலாக், 4 கோடி பைட். 53 வரை சமர்த்தாக வந்த சதவீதம், திடீரென்று மைனஸ் 53! இதை அவனே கண்டுபிடித்தான். அவன் வைத்திருந்த 'இன்ட்' பெட்டியில் 2,147,483,647 வரைதான் இடம். நூறால் பெருக்கியதில் 2 கோடியே 14 லட்சம் பைட் சொச்சத்திலேயே நிரம்பி, எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டது. 64 பிட் 'லாங்' என்று மாற்றியதும் அடங்கியது.

இன்னொரு ஜாதி உண்டு. சில சர்வர்கள் மொத்த அளவையே சொல்லாது. சி ஷார்ப்பில் அப்போது மொத்தம் மைனஸ் 1 என்று வரும். அதற்கெல்லாம் சதவீதம் போடாதே, 'இதுவரை 12 எம்.பி.' என்று எழுதிவிட்டுப் போ என்றேன். புளுகுக்கு அது தேவலை.

குமாஸ்தா இப்போது மூடுவதில்லையாம். முதலாளி பாதிப் பணம் கொடுத்துவிட்டார். மீதியைக் கேட்டால், "வந்துக்கிட்டே இருக்கு தம்பி" என்கிறாராம். எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை.