இலக்கை மாற்றுவது தோல்வியா?

விளையாட்டு விழா நெருங்கும் நாட்களில் எந்தப் பள்ளி மைதானத்தைக் கவனித்தாலும், நெடுந்தூர ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்த மாணவியருள் ஒருத்தியாவது கால் வலியை மறைத்துக்கொண்டு ஓடுவதைக் காணலாம். கேட்டால், "ஒன்றுமில்லை சிஸ்டர்" என்பாள். வீட்டில் அம்மாவுக்கும் அதே பதில்தான். பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்களோ என்ற அச்சம் அவளுக்கு. நாமோ வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுபவளைத் தைரியசாலி என்று புகழ்கிறோம். "இவ்வாண்டு என்னால் ஓட இயலாது" என்று விலகி நிற்பவளைப் பற்றி அவ்வளவு நல்ல சொல் நம் வாயில் வருவதில்லை. இந்த வழக்கம் சரிதானா?

இத்தகைய வேளைகளில் நாம் விரும்பிச் சொல்லும் கதை அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட்டினுடையது. 1984இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த 17ஆம் நாள், தம் நாட்டின் ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் அவர் முதலாவதாக வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கென நடத்தப்பெற்ற மாரத்தான் ஓட்டத்தில் தங்கமும் வென்றார். அருமையான கதைதான். ஆயினும் மருத்துவர் மூட்டிலிருந்த கோளாற்றை நீக்கிய பின்னரே அவர் ஓடினார் என்பதைச் சொல்ல நாம் மறந்துவிடுகிறோம்.

நம் கருத்தில், மாணவியருக்கு அதைவிடப் பயன் தருவது இங்கிலாந்து வீராங்கனை பவுலா ராட்கிளிஃபின் வரலாறு. 2003 ஏப்ரலில் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி முடித்தவர் அவர். அந்த உலக சாதனையை 2019 வரை எந்தப் பெண்ணாலும் முறியடிக்க இயலவில்லை. ஆகவே 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் அவருக்கே என்று பலரும் எண்ணியிருந்தனர். போட்டிக்கு ஏறத்தாழ இரு வாரங்கள் இருக்கையில் காலில் காயம் ஏற்பட்டது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகளை மிகுதியாக உட்கொண்டார். அதனால் வயிறு கெட்டது. உண்ட உணவு உடம்பில் ஒட்டவில்லை. ஆகஸ்ட் 22ஆம் நாள் கடும் வெப்பத்தில் ஓடியவர், ஏறக்குறைய 36 கிலோமீட்டரில் நின்றுவிட்டார். சாலையோரத்தில் அமர்ந்து அவர் அழுத காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐந்து நாள் கழித்து 10,000 மீட்டர் ஓட்டத்தில் இறங்கி, அதையும் முடிக்காமல் வெளியேறினார். பாதியில் விட்டவர் என்று ஏசியவர்களும் உண்டு. ஏசுவது எளிது, ஏசியவர்களில் எத்தனை பேர் 36 கிலோமீட்டர் ஓடியிருப்பார்களோ!

அவர் அத்துடன் முடிந்துவிடவில்லை. அதே நவம்பரில் நியூயார்க் மாரத்தானிலும், 2005இல் ஹெல்சிங்கி உலகப் போட்டியிலும் வென்றார். பின்னர் 2008இல் தொடை எலும்பில் மயிரிழை வெடிப்பு. போதிய பயிற்சியின்றிப் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடி, 23ஆவதாக வந்தார். நடுவில் தசைப்பிடிப்பால் நின்றும், மீண்டும் ஓடி முடித்தார். 2012இல் ஒலிம்பிக் அவருடைய சொந்த நாட்டிலேயே நடந்தது. பாத மூட்டு நோயினால், ஓட்டத்திற்கு ஒரு வாரம் இருக்கையில் விலகிக்கொண்டார். நான்கு ஒலிம்பிக்கில் ஓடியும் பதக்கம் ஒன்றுகூட இல்லை. 2015இல் குதிகால் காயத்தோடு போராடியபடியே தம் கடைசி லண்டன் மாரத்தானை 2 மணி 36 நிமிடம் 55 விநாடியில் முடித்தார். தம் சாதனை நேரத்தைவிட 21 நிமிடத்திற்கும் அதிகம். சாதனைக்காரர் இப்படி ஓடலாமா என்று அவர் நாணவில்லை. முழுத் தூரத்தையும் ஓடி முடிப்பதே அன்றைய இலக்கு. 2003இல் ஓடுவதற்கு வேண்டிய துணிவைவிட, 2012இல் விலகுவதற்கு வேண்டிய துணிவு பெரிதென்றே நாம் எண்ணுகிறோம்.

இனி ஒன்றை வெளிப்படையாகப் பேசுவோம். பெண்கள் பள்ளி மலரில் பேசாமல் வேறெங்கே பேசுவது? மெலிந்தால் வேகமாக ஓடலாம் என்று எண்ணி உணவைக் குறைக்கும் மாணவியர் உண்டு. ஓட்டத்திற்கு ஈடான உணவு இல்லையேல் மாதவிலக்கு தவறும், எலும்பு வலுவிழக்கும், நாளடைவில் காலெலும்பில் வெடிப்பு தோன்றும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மருத்துவ வல்லுநர்கள் இதைக் குறித்து விரிவாக எச்சரித்தனர். மாதவிலக்கு நின்றால் அது கடும் பயிற்சியின் அடையாளம் என்று வாளாவிருப்பது பெரும் பிழை. எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலி, ஓட ஓட வலி மிகுதல், படுத்திருக்கும்போதும் வலி — இவற்றில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடலாகாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். இத்தகைய வெடிப்பு பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் ஆறிவிடும். ஓய்வெடுக்காதவளுக்கோ அது முழு முறிவாகி, ஆண்டையே விழுங்கிவிடக் கூடும்.

அந்த எட்டு வாரங்கள் வெறும் காத்திருப்பு அல்ல. மருத்துவர் இசைந்தால் நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். பிறகு வலியின்றி அரை மணி நேரம் நடப்பது ஓர் இலக்கு. அடுத்து, ஒரு நிமிடம் ஓட்டமும் இரண்டு நிமிடம் நடையுமாக மைதானத்தைச் சுற்றுவது. 3,000 மீட்டரில் பரிசு பெற்றவளுக்கு இது கேலிக்கூத்தாகத் தோன்றும். தோன்றட்டும், அவள் நோட்டுப் புத்தகத்தில் இதையும் தேதியிட்டுக் குறித்துவைக்கட்டும்.

உடற்பயிற்சி ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். காயத்தால் விலகுகிறவளின் பெயரை அடிக்கும்போது, அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவளுக்கு இடமுண்டு என்பதை அவளிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே பலர் வலியை மறைக்கிறார்கள். பெற்றோரே, "போன வருஷம் கோப்பை வாங்கினாயே" என்ற பேச்சைச் சில வாரங்கள் நிறுத்திவையுங்கள். காலையில் அவள் மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள் என்று பாருங்கள்.