ஒளியும் வேண்டும், மறைவும் வேண்டும்



அண்மையில் ஒரு நாள், நோயுற்றிருந்த சாச்சி ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். நண்பகல் நேரம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அவர் படுத்திருந்த அறையிலோ குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் நல்ல அகலமான ஜன்னல் ஒன்று இருந்தது. ஆனால் அதன் கதவுகள் சாத்தப்பட்டு, மேலே தடித்த திரை தொங்கியது.

"இந்த ஜன்னலைத் திறக்கிறதில்லையா, சாச்சி?" என்று கேட்டோம்.

"எதிர்வீட்டு மாடி எழும்பினதிலிருந்து திறக்கிறதில்லை வாப்பா. அங்கே நின்னா இங்கே எல்லாம் தெரியுது. ஆறு வருசமாச்சு" என்றார்.

அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. பெண்ணாய்ப் பிறந்தவர் செய்ய வேண்டியதைச் செய்தது போன்ற இயல்பு மட்டுமே இருந்தது. அதுவே எம்மை வருத்தியது. ஜன்னல் வைத்தவர் எதிர்வீட்டார். காற்றையும் வெளிச்சத்தையும் இழந்தவர் சாச்சி. மார்க்கம் நமக்குக் கற்பித்த முறை இதுதானா?

பெயர்கள் சொல்லும் பொருள்

'ஜன்னல்' என்ற சொல் போர்த்துகீசியர் வழியே நமக்கு வந்தது. அதற்கு முன்பே தமிழில் இதற்குப் பல பெயர்கள் இருந்தன. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி 'காலதர்' ஆயிற்று. மானின் கண்போல் அமைந்த காலதர்களைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. பல துளைகளைக் கொண்ட ஜன்னல் 'பலகணி' எனப்பட்டது. பல கண்களை உடையது என்று அதற்குப் பொருள் கூறுவர். அரபியில் 'நாஃபிதா' என்பது ஊடுருவிச் செல்லுதல் என்னும் வேரிலிருந்தும், 'ஷுப்பாக்' என்பது வலைபோல் பின்னுதல் என்னும் வேரிலிருந்தும் பிறந்தவை. ஒரு பெயர் திறப்பைச் சொல்கிறது. மற்றொரு பெயர் மறைப்பைச் சொல்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே ஜன்னல். ஒன்றை விட்டு ஒன்றைக் கொண்டால் எஞ்சுவது வெறும் ஓட்டையாகவோ வெறும் சுவராகவோதான் இருக்கும்.

ஒரே சூராவில் இரண்டும்

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்திற்கு 'அந்நூர்' என்று பெயர். ஒளி என்பது அதன் பொருள். அல்லாஹ்வின் ஒளிக்கு விளக்கு மாடத்தை உவமையாக்கும் புகழ்பெற்ற 35ஆம் வசனம் இதில்தான் உள்ளது. பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, ஸலாம் கூறாமல் நுழையக் கூடாது என்னும் 27ஆம் வசனமும் இதே சூராவில்தான் இருக்கிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டிலுள்ள சிறுவர்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்னும் 58ஆம் வசனமும் இங்கேதான். பார்வையைத் தாழ்த்தும் கட்டளையையும் இதே சூராவில் காண்கிறோம். அக்கட்டளை 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்குச் சொல்லப்படுகிறது. 31ஆம் வசனத்தில்தான் பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. இந்த வரிசையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஒருவர் துவாரம் ஒன்றின் வழியே நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் எட்டிப் பார்த்த செய்தி, ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அனுமதி கேட்கும் விதியே பார்வையின் காரணமாகத்தான் ஏற்படுத்தப்பட்டது என்று அப்போது நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். கண்டிக்கப்பட்டவர் எட்டிப் பார்த்தவரே. பிறர் இல்லத்திற்குச் செல்லும்போது வாசலுக்கு நேரே நிற்காமல், வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பது அவர்களின் வழக்கம் என்று அபூதாவூதில் காண்கிறோம்.

முன்னோர் கண்ட வழிகள்

இந்தப் போதனையை முஸ்லிம் ஊர்கள் மரத்திலும் கல்லிலும் எழுதிவைத்தன. கெய்ரோவின் 'மஷ்ரபிய்யா' என்பது கடைந்த சிறு மரத்துண்டுகளைக் கோத்து, தெருப்பக்கம் நீட்டி அமைத்த ஜன்னல். நீர்க்கூஜாக்களை அதில் வைப்பார்கள். உள்ளே வரும் காற்று அவற்றில் பட்டுக் குளிரும். வெயிலின் கூச்சத்தைக் குறைப்பது, காற்றை வரவிடுவது, வெப்பத்தைத் தணிப்பது, ஈரப்பதம் சேர்ப்பது, வீட்டாரின் அந்தரங்கத்தைக் காப்பது என அதன் ஐந்து பயன்களை எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி விளக்கியிருக்கிறார். உம்ராவுக்குச் செல்வோர் ஜித்தாவின் பழைய நகரப் பகுதியான பலதில் 'ரவாஷீன்' எனப்படும் மரமாடங்களைக் கண்டிருக்கலாம். அப்பகுதியை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஸன்ஆ நகரின் உயர்ந்த வீடுகளில் நிலவின் பெயர் தாங்கிய 'கமரிய்யா' ஜன்னல்கள், சாளரத்தின் மேற்பகுதியில் வண்ண ஒளியை உள்ளே அனுப்புகின்றன. அகமதாபாத்தின் ஸித்தி ஸையத் பள்ளிவாசலில் மரமும் கொடியுமாய்க் கல்லில் இழைத்த ஜாலிகள் 450 ஆண்டுகளாக நிற்கின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் உம்மாமார் வாழ்ந்த வீட்டு ஜன்னலுக்கு நான்கு கதவுகள் இருந்தன. மேலே இரண்டு, கீழே இரண்டு. பகலில் கீழ்க்கதவுகளைச் சாத்தி மேற்கதவுகளைத் திறந்து வைப்பார்கள். தெருவில் செல்பவருக்கு உட்கார்ந்திருப்போர் தெரியமாட்டார். உள்ளே இருப்பவருக்கோ காற்றும் வெளிச்சமும் குறைவில்லை. ஒற்றைக் கண்ணாடியைத் தள்ளித் திறக்கும் இன்றைய ஜன்னல் வந்தபோது அந்த எளிய அறிவை இழந்தோம். இப்போது நமக்குத் தெரிந்தவை இரண்டே: முழுதும் திறப்பது அல்லது முழுதும் மூடுவது.

மறைப்பை யார் கட்டுவது?

1869 முதல் 1876 வரை உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டநூலில் ஜன்னலுக்கென்றே விதிகள் உள்ளன. அண்டை வீட்டின் சமையற்கட்டு, கிணற்றடி, முற்றம் போன்ற பெண்கள் புழங்கும் இடங்கள் தெரியும்படி ஜன்னல் வைப்பது பெருந்தீங்கு என்கிறது 1202ஆம் விதி. அந்தத் தீங்கை நீக்கும் கடமை யாருக்கு? ஜன்னல் வைத்தவருக்கு. அவரே சுவரோ மரத்தட்டியோ எழுப்பி மறைக்க வேண்டும். ஆயினும் ஜன்னலை அடியோடு அடைத்துவிடும்படி அவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆள் உயரத்திற்கு மேலுள்ள ஜன்னலை, ஏணி வைத்துப் பார்த்துவிடுவார் என்ற ஐயத்தால் மூடச் சொல்ல அண்டை வீட்டாருக்கு உரிமையில்லை என்கிறது அடுத்த விதி. அதற்கு முந்தைய விதியோ, ஓர் அறையின் ஒரே ஜன்னலை மறித்து, எழுத்தைப் படிக்க இயலாத அளவு இருளாக்குவதையும் பெருந்தீங்காகவே எண்ணுகிறது.

மஜல்லா ஹனஃபி மத்ஹபின் வழியில் தொகுக்கப்பட்டது. நம்மில் பலர் ஷாஃபிஈ வழியினர். அது நம் நாட்டின் சட்டமும் அன்று. எனினும் அதிலுள்ள நீதி எவருக்கும் விளங்கக்கூடியதே. மறைப்பின் சுமை பார்க்கக்கூடியவர் மீது வைக்கப்பட்டுள்ளது. பார்க்கப்படுபவர் மீது அன்று. பெண்ணின் கண்ணியத்தைக் காக்கிறோம் என்று சொல்லி அவள் அறையை இருட்டாக்குவது, அந்நூர் சூராவின் ஒரு பாதியை மட்டும் ஓதியது போலாகும்.

புதிய ஜன்னல்கள்

இன்று மரச்சட்டமில்லாத ஜன்னல்களும் வந்துவிட்டன. திருட்டுப் பயத்தால் வாசலில் கேமரா பொருத்துகிறோம், அதில் தவறில்லை. ஆனால் அது எதிர்வீட்டுத் திண்ணையையும் மொட்டைமாடியையும் இரவு பகலாகப் பதிவு செய்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இமைக்காத அந்தக் கண்ணுக்கும் மஜல்லாவின் நீதி பொருந்தும் என்பது எம் கருத்து. கேமராவின் கோணத்தை மாற்ற ஐந்து நிமிடம் போதும். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்னும் ஹுஜுராத் சூராவின் 12ஆம் வசனம், கைப்பேசித் திரையில் பிறர் குடும்பங்களை நோட்டமிடும் நமக்கும் உரியதே.

வீடு கட்டுவோருக்கு எம் வேண்டுகோள் இதுதான். ஜன்னலின் இடத்தைக் கொத்தனாரிடம் சொல்லுமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களின் சமையற்கட்டு தெரியும் பக்கத்தில் ஜன்னலை ஆள் உயரத்திற்கு மேல் வையுங்கள், அல்லது கீழ்ப்பாதிக்கு மங்கல் கண்ணாடியோ மரச்சட்டமோ போடுங்கள். செலவு சிறிது, அண்டை வீட்டாரின் துஆ பெரிது.

சாச்சியின் மகனை அழைத்துக்கொண்டு அஸருக்குப் பின் எதிர்வீட்டுக்குச் சென்றோம். செய்தியைக் கேட்ட அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு வருசமா ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே, காக்கா" என்றார். அடுத்த வாரமே அவர் மாடி ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மரச்சட்டம் ஏறியது. ஜன்னல் வைத்தவர் கேட்கவில்லை, மறைந்துகொண்டவர் சொல்லவில்லை. இருவருக்குமிடையே இருந்த ஒரு தெருவைக் கடக்க ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

நம் இல்லங்களை ஒளியுள்ளவையாகவும், நம் பார்வைகளை ஒழுக்கமுள்ளவையாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.